1955 எஃப்-100 பிக்கப்பின் முன் அச்சை வெட்டி எடுக்கத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் 1955 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றை ஒஹையோவில் வாங்கியிருக்கிறீர்கள். மணிக்கு 50 மைலைத் தாண்டினால் வண்டி தடத்தில் நிற்காமல் இடமும் வலமும் அலைகிறது, நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு கையின் பலமும் வேண்டியிருக்கிறது, பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் முன்பக்கம் முழுவதும் உதறுகிறது என்கிறீர்கள். பழைய ஒற்றை அச்சை வெட்டியெடுத்துவிட்டு மஸ்டாங் 2 என்ற ஃபோர்டு காரின் வகையில், இரு சக்கரமும் தனித்தனியாக அசையும் தனிச் சஸ்பென்ஷனை வெல்டு செய்வதா, அச்சை வைத்துக்கொண்டு டொயோட்டா பவர் ஸ்டீயரிங் பெட்டியை மட்டும் பொருத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் வண்டி அலைவதற்குக் காரணம் அந்த அச்சின் வடிவமைப்பா, எழுபது ஆண்டுத் தேய்மானமா என்பதே அது. அதற்கு விடை தெரியாமல் பாகங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மிச்சிகனில் சஸ்பென்ஷன், வீல் அலைன்மெண்ட் வேலை பார்த்து வருகிறேன். பழைய பிக்கப்புகளில் இரு வழிகளிலும் வேலை செய்திருக்கிறேன். உங்கள் வண்டியை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களில் சேஸின் உட்பக்கம் தெரியவில்லை. ஆகவே துரு பற்றி நான் சொல்வதெல்லாம் நிபந்தனையோடுதான்.

வண்டியின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். 1953-இல் ஃபோர்டு தன் அரை டன் பிக்கப்பான எஃப்-1-ஐ முழுவதும் மாற்றி எஃப்-100 என்று பெயரிட்டது. முன் அச்சைப் பின்னுக்குத் தள்ளி, இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 114 அங்குலத்திலிருந்து 110 அங்குலமாகக் குறைத்தார்கள். வண்டி முன்னைவிடக் குறுகிய இடத்தில் திரும்பியது. ஆனால் அச்சின் வகையை மாற்றவில்லை. ஃபோர்டு கார்களுக்கு 1949-லேயே தனிச் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. எஃப்-100-க்கோ 1964 வரை இரும்பில் அடித்துச் செய்த ஒரே குறுக்கு அச்சு, இரு முனையிலும் சக்கரம் திரும்புவதற்கான செங்குத்து முளையான கிங்பின், அச்சின்மேல் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் என்ற பழைய ஏற்பாடுதான். 1965-இல்தான் முன்பக்கத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக இரட்டை அச்சு வந்தது. தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. லாரியின் முன்பக்கத்தில் அவர்கள் பார்க்கும் கிங்பின், புஷ், இரு சக்கரங்களை இணைக்கும் டை ராடு, ஸ்டீயரிங் பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க், பட்டை எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சரியாக வைத்திருக்கும் லாரி நெடுஞ்சாலையில் நேராகத்தான் ஓடுகிறது. ஒற்றை அச்சு என்பதாலேயே வண்டி அலையும் என்று சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

ஒற்றை அச்சுக்கு இயல்பான குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது, அதனால் மறு சக்கரமும் சாய்கிறது. சுழலும் சக்கரம் இப்படிச் சாயும்போது அது தானாகவே பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் இந்தத் திருப்பம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்து உதறலாக வளரும். நீங்கள் சொல்லும் பள்ளத்து உதறல் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். மூட்டுகள் இறுக்கமாக இருக்கும் அச்சில் இந்த உதறல் எழுந்தவுடன் அடங்கிவிடும். அசைவை அமுக்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டினாலும் அடங்கியது போலத் தெரியும். ஆனால் அப்போது நோய் உள்ளேயே இருக்கும். ஆகவே முதல் வேலையாக டேம்பரை வாங்காதீர்கள்.

ஆட்டத்தைத் தேடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் இதைத்தான் அவசரமாகச் செய்கிறார்கள். சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்கும் நிலையில், ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் மாற்றி மாற்றி அசைக்க, நீங்கள் வண்டிக்குக் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் பெட்டிக்குள் போகும் தண்டு அசைந்த கணத்துக்கும் பெட்டியிலிருந்து வெளிவரும் கையான பிட்மன் ஆர்ம் அசைந்த கணத்துக்கும் இடையிலான தாமதம் பெட்டியின் தேய்மானம். பிட்மன் ஆர்முக்கும் டிராக் லிங்க்குக்கும் இடையே, டை ராடின் இரு முனைகளில், ஸ்டீயரிங் பெட்டியைச் சேஸில் பிடிக்கும் போல்ட்டுகளில் எங்கே தாமதம் இருக்கிறது என்பது கைக்கே தெரியும். பிறகு அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, அதன் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின் புஷ். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிங்பின்னை மாற்றி, பேரிங்கை இறுக்காமல் விட்டு, அதே ஆட்டத்தோடு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கிங்பின் மாற்றுவதாக இருந்தால் புஷ்களை அடித்து ஏற்றினால் மட்டும் போதாது. மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) ஓட்ட வேண்டும். தனித்தனியாக ரீமர் போட்டால் பின் உள்ளே போகும், ஆனால் இறுகும். அச்சின் கண்ணுக்கு அடியில் நிற்கும் த்ரஸ்ட் பேரிங்தான் வண்டியின் முன் எடை முழுவதையும் தாங்கிக்கொண்டு திரும்புகிறது. அது துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஸ்டீயரிங் கனக்கும். வண்டி தரையில் நிற்கும்போது கிரீஸ் அடித்தால் எடை அழுத்தும் இடத்துக்குள் கிரீஸ் போகாது. அச்சைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது அடித்து, இரு பக்கமும் முழுதாகத் திருப்பிவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் கனத்தில் ஒரு பகுதி இந்த ஒரு வேலையிலேயே குறையலாம். எத்தனை பங்கு குறையும் என்பது பேரிங்கின் நிலையைப் பொறுத்தது.

அடுத்தது ஸ்டீயரிங் பெட்டி. உங்கள் வண்டியில் இருப்பது புழுப் பல்லும் உருளையும் கொண்ட வகை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பல் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது. நடுவில் இருக்கும் ஆட்டத்தைப் போக்க மேலுள்ள திருகை இறுக்கிக்கொண்டே போனால், தேயாத ஓரப் பகுதிகளில் பல் சிக்கிக்கொள்ளும். வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. அப்படி வராத ஸ்டீயரிங்கையும் ஓட்டுநர் 'அலைகிறது' என்றுதான் உணர்வார், ஏனெனில் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் எதிர்த் திருத்தம் செய்யவேண்டி வருகிறது. சரியான வரிசை இதுதான்: டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, முதலில் புழுத் தண்டின் பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்து, அதன்பிறகு ஸ்டீயரிங்கைச் சரியாக நடுவில் வைத்து உருளையின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். நடுவில் சற்றே இறுக்கமாகவும் இருபுறமும் தளர்வாகவும் இருப்பதே இந்தப் பெட்டியின் இயல்பு. பெட்டிக்குள் கியர் ஆயில் இருக்க வேண்டும். கசிகிறதே என்று பலர் கெட்டி கிரீஸைத் திணித்துவிடுகிறார்கள். அது பல் ஓடும் தடத்திலிருந்து விலகி ஓரமாய் நின்றுவிட, பல் வறண்டு ஓடுகிறது.

உங்கள் படத்தைப் பார்த்ததும் என் கவனம் போனது வேறோர் இடத்துக்கு. வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. முன்னிருந்தவர் அழகுக்காக மூன்று அங்குலம் உயர்த்தியதாக எழுதியிருக்கிறீர்கள். கிங்பின்னின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கேஸ்டர் என்கிறோம். அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக இழுத்து வைத்திருக்கிறது. 110 அங்குல இடைவெளியில் பின்பக்கம் மூன்று அங்குலம் உயர்ந்தால் வண்டி முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது, கேஸ்டரும் அதே அளவு குறைகிறது. ஓய்ந்துபோன முன் பட்டைகள் இதை இன்னும் கெடுத்திருக்கலாம். அந்தக் காலத்துச் சாய்வு, பயாஸ் பிளை டயர்களுக்காக வைக்கப்பட்டது. இன்று நீங்கள் போட்டிருக்கும் ரேடியல் டயர்களுடன் இந்த அச்சுக்கு நான்கு முதல் ஆறு டிகிரி வரை கேஸ்டர் வைப்பது என் வழக்கம். இந்த எண் என் அனுபவத்தில் வந்தது. தொழிற்சாலைக் குறிப்பில் இருப்பதன்று. முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவான டோ-இன், பதினாறில் ஒரு அங்குலம் முதல் எட்டில் ஒரு அங்குலம் வரை போதும்.

கேஸ்டரைக் கூட்டுவதற்கு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைக்கிறார்கள். இந்த வண்டியில் பட்டை அச்சுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கேஸ்டர் கூடுவதற்குப் பதில் குறையும். எங்கள் பட்டறைக்கு ஒருவர் இதே மாதிரி வண்டியை, மஸ்டாங் 2 பொருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். அளந்து பார்த்தபோது இரு பக்க ஆப்புகளும் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சரியாக வைத்து, டை ராடு முனைகள் இரண்டை மாற்றி ஓட்டக் கொடுத்தோம். அவர் அந்த அச்சோடுதான் இன்றும் ஓட்டுகிறார். ஆகவே, அலைன்மெண்ட் இயந்திரத்தில் கேஸ்டரை அளந்து எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது அலைச்சலுக்கும் உதறலுக்கும். கனம் தனிப் பிரச்சினை. கேஸ்டரைக் கூட்டினால் ஸ்டீயரிங் இன்னும் கனக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அகல டயரும், முன்னிருந்தவர் மாட்டிய சிறிய ஸ்டீயரிங் சக்கரமும் சேர்ந்து உங்கள் கைக்கு வரும் சுமையைப் பெருக்கியிருக்கின்றன. அங்கேதான் பவர் ஸ்டீயரிங்குக்கு உண்மையான தேவை இருக்கிறது. 1979 முதல் 1985 வரையிலான டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பின் பெட்டி இந்த வேலைக்குப் பெயர்பெற்றதற்குக் காரணம், அதுவும் ஒற்றை முன் அச்சையும் பட்டைகளையும் கொண்ட வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதே. அதன் பிட்மன் ஆர்மும் முன்னும் பின்னுமாகவே வீசுகிறது. பொருத்துவதற்கான தகடுகள் சந்தையில் கிடைக்கின்றன. கவனிக்க வேண்டியவை இரண்டு. டிராக் லிங்கின் கோணம் பழைய இடத்திலேயே அமைய வேண்டும். மாறினால் ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் அது சக்கரத்தைத் தானே திருப்பும். பவர் உதவி வந்ததும் பெட்டி சேஸைத் தள்ளும் விசையும் கூடுகிறது. உங்கள் சேஸ் ஒரு பக்கம் திறந்த தகட்டுச் சட்டம் என்பதால், பெட்டி பிடிக்கும் இடத்தில் உட்பக்கமும் ஒரு தகடு வைத்துப் பெட்டிபோல் மூடுவது நல்லது. இதைச் செய்யாத வண்டிகளில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் கண்டிருக்கிறேன்.

இந்த மாற்றத்தில் யாரும் பேசாத நன்மை ஒன்று உண்டு. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. உங்கள் வண்டியில் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து பெட்டிக்குள் இருக்கும் புழுப் பல் வரை ஒரே நீண்ட இரும்புத் தண்டு. முன்னால் மோதிப் பெட்டி பின்னுக்குத் தள்ளப்பட்டால் அந்தத் தண்டு நேராக ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். மோதலில் மடங்கும் தண்டுகள் அமெரிக்கக் கார்களில் 1967 வாக்கில் பரவின. பெட்டியை மாற்றும்போது தண்டை எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். அப்போதே மடங்கும் வகைத் தண்டையும், இடையில் கோணம் கொடுக்கும் இரண்டு யூனிவர்சல் ஜாயிண்டுகளையும் போட்டுவிடுங்கள். இரு ஜாயிண்டுகளின் கவைகளும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் நிற்க வேண்டும். இல்லையேல் ஒரு சுற்றுக்குள்ளேயே ஸ்டீயரிங் ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் இருக்கும்.

இனி மஸ்டாங் 2. ஃபோர்டு 1971 மாடலாகப் பிண்டோ என்ற சிறு காரை வெளியிட்டது. அதன் முன்பக்க அமைப்பின் வழியில்தான் 1974 முதல் 1978 வரை மஸ்டாங் 2 வந்தது. மேலும் கீழும் இரு கைகள், நடுவில் சுருள் ஸ்பிரிங், அச்சுக்கு முன்னால், பல் தண்டும் (ராக்) சிறு பல் சக்கரமும் கொண்ட ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். அடக்கமான அளவும், குறுக்குச் சட்டத்தோடு சேர்ந்து வரும் வசதியும் பழைய வண்டி கட்டுபவர்களைக் கவர்ந்தன. இன்று அந்தப் பெயரில் விற்கும் கிட்களில் ஃபோர்டின் அசல் பாகம் ஏறக்குறைய எதுவும் இராது. அகலம், கைகள், பிரேக் டிஸ்க் எல்லாம் பிக்கப்புக்கு ஏற்றபடி பெரிதாகச் செய்யப்பட்டவை. நன்றாகப் பொருத்தினால் சவாரி மென்மையாகும், வண்டியைத் தாழ்த்தலாம், ஒரு சக்கரத்தின் குலுக்கல் மறு சக்கரத்துக்குப் போகாது. இவையெல்லாம் மெய்யான பயன்கள். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே வண்டி கட்டுபவருக்கு நானே இதைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

'நன்றாகப் பொருத்தினால்' என்பதில்தான் சிக்கல். பழைய குறுக்குச் சட்டத்தை வெட்டும் முன் சக்கரத்தின் மையக்கோட்டைத் தூக்குக் குண்டு விட்டுச் சேஸிலும் தரையிலும் குறிக்க வேண்டும். வெட்டியபிறகு அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை. சேஸ் எந்தச் சாய்வில் ஓடப்போகிறதோ அந்தச் சாய்விலேயே நிறுத்தி வெல்டு செய்ய வேண்டும். சமமாக வைத்துப் பற்றவைத்துவிட்டுப் பிறகு பின்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்கினால், இப்போதுள்ள கேஸ்டர் குறைபாட்டையே புதிய பாகத்திலும் கொண்டுவருவீர்கள். திறந்த தகட்டுச் சட்டத்தை அந்த நீளம் முழுவதும் மூடிப் பலப்படுத்த வேண்டும். சிறு சிறு பற்றவைப்புகளாக இடம் மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை அளக்காவிட்டால் சூட்டில் சேஸ் முறுக்கிக்கொள்ளும். ராக்கின் இரு முனைகளில் உள்ள உள் மூட்டுகள், கைகளின் உள் மூட்டுகளோடு ஒத்த கோட்டில் அமைய வேண்டும். அகலப்படுத்திய கிட்டில் குறுகிய ராக்கைப் போட்டு நீட்டிப்புத் துண்டு வைத்தால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானே திரும்பும். அசல் அமைப்பில் பிரேக் பிடிக்கும் விசையைத் தாங்கக் கீழ்க் கையிலிருந்து பின்னோக்கிச் செல்லும் தண்டு ஒன்று உண்டு. அது இல்லாத கிட்களில் அந்த விசை முழுவதையும் கீழ்க் கையின் அடிப்பகுதியே தாங்குவதால், அந்தக் கை அகலமான அடிப்பகுதியோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்பின் அழுத்தம் ராக்குக்கு மிகுதியானால் ஸ்டீயரிங் விரல் பட்டாலே துள்ளும். எஞ்சினின் ஆயில் பான் புதிய குறுக்குச் சட்டத்தில் இடிக்குமா என்பதையும் முன்கூட்டியே அளந்தாக வேண்டும்.

துருப்பிடித்த சேஸில் இந்த வேலையை நான் தொடமாட்டேன். உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டியில் சட்டத்தின் அடி விளிம்பைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் வெல்டு நிற்காது.

காரின் சஸ்பென்ஷன் பிக்கப்பைத் தாங்குமா என்ற விவாதத்தில் என் கருத்து முடிவானதன்று. காலியாகவோ நாலைந்து மூட்டைகளோடோ ஓடும் வண்டியில், எஞ்சின் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டிருந்தால் நான் தோல்வி கண்டதில்லை. சுமையின் பெரும்பகுதி பின் அச்சில்தான் விழுகிறது. ஆனால் விறகு ஏற்றிக் கரடுமுரடான பாதையில் போவேன் என்கிறீர்கள். அந்தப் பயன்பாட்டுக்குப் பழைய அச்சும் பட்டையும் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. வோலாரே காரின் முறுக்குத் தண்டுச் சஸ்பென்ஷன், 1970-களின் கமாரோ காரின் முன்பாதி என்று வேறு வழிகளும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. அவற்றின் பாகங்கள் அரிதாகிவருவதால் இன்று தொடங்குபவருக்கு நான் சொல்வதில்லை.

முன்பக்கத்தைக் கழற்றும் வேளையில் டிஸ்க் பிரேக்கையும் யோசியுங்கள். சக்கரம் சுழலும் பழைய ஸ்பின்டில் தண்டிலேயே பொருந்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. உங்கள் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், ஒரே அறையுடன் இருக்கிறது. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு அறை வகைக்கு மாறுங்கள். சிலிண்டர் தாழ்ந்த இடத்திலேயே இருப்பதால், டிஸ்க் பக்கத்துக் குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தங்கவைக்கும் 2 பிஎஸ்ஐ எஞ்சு அழுத்த வால்வும் டிரம் பக்கத்தில் 10 பிஎஸ்ஐ வால்வும் வைக்காவிட்டால் பெடல் இறங்கிக்கொண்டே போகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்கு இறக்குவேன். அதற்குச் செலவு மிகக் குறைவு, அலைச்சலில் ஒரு பகுதி அன்றைக்கே குறையும். அடுத்துக் கிங்பின், த்ரஸ்ட் பேரிங், டை ராடு முனைகள், பட்டைக் கண்களின் புஷ்கள் ஆகியவற்றை மாற்றிக் கேஸ்டரை ஆப்பு வைத்து ஐந்து டிகிரிக்குக் கொண்டுவருவேன். அந்த நிலையில் ஒரு மாதம் ஓட்டுவேன். நேராக ஓடியும் கை வலித்தால் டொயோட்டா பெட்டியும் மடங்கும் தண்டும். அதற்குப் பிறகும் நெடுஞ்சாலையில் குலுக்கல் பொறுக்க முடியவில்லை என்றால், அப்போது மஸ்டாங் 2 பற்றிப் பேசலாம்; பெட்டிக்கும் பொருத்துத் தகட்டுக்கும் செய்த செலவு வீணாகும் என்றாலும் மடங்கும் தண்டின் பெரும்பகுதி அங்கேயும் பயன்படும். ஆப்பு வைத்தபின் யூ-போல்ட்டுகள் நிச்சயம் சற்றுத் தளரும். முதல் நூறு மைலில் ஒரு தடவையும் ஐந்நூறு மைலில் ஒரு தடவையும் அவற்றை இறுக்கிவிட்டு, அதன்பிறகு அலைன்மெண்டை மறுபடி அளந்து எண்களை இங்கே எழுதுங்கள். கேஸ்டர் இரு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் அச்சு முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு வேறு வழி சொல்கிறேன்.